சொட்டாத ஓட்டை

குடத்தில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஒழுகும். மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை விழுந்தால் தரையெல்லாம் ஈரமாகும். ஓட்டை என்றாலே ஒழுகல் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாத ஓட்டையும் உண்டு. உள்ளே இருப்பது வெளியே வராது. வெளியே இருப்பது உள்ளே போகும். இந்த வகை ஓட்டையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். பௌதிகம் தெரிந்திருந்தால் மட்டுமே பிடிபடும். அப்படிப்பட்ட ஓர் ஓட்டையையும், அதற்குக் காவலாக வைக்கப்பட்டிருந்த ஒரு சிறிய வால்வையும் பற்றியதுதான் இக்கட்டுரை.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் கன்னிவாடி என்னும் பேரூர் இருக்கிறது. அங்கே ஒருவர் பழைய டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகிறார். கல்யாணம், காதுகுத்து, பழனி யாத்திரை என்று பகலில் ஓட்டம். இரவில் யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவவலி என்றால், 108 வண்டி வந்து சேரும் வரை பொறுக்க முடியாதவர்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆகவே அந்தக் கார் பகலில் எப்படி ஓடுகிறது என்பதைவிட, நடு இரவில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்புகிறதா என்பதே முக்கியம்.

அதுதான் கிளம்பவில்லை. இரவு முழுவதும் நின்றிருந்தால், காலையில் 'செல்ஃப்' சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பாட்டரி தளர்ந்துபோகும் தறுவாயில் ஒரு இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கிவிட்டால் நாள் முழுதும் ஒரு குறையும் இல்லை. பாட்டரியை மாற்றினார். ஹீட்டர் பிளக்குகளை மாற்றினார். செலவு ஆனதே தவிர நோய் தீரவில்லை. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் எங்கும் டீசல் கசிந்த தடயமே இல்லை.

ஆனால் அந்த உரிமையாளர் கவனமுள்ள மனிதர். மூன்று விஷயங்களைத் தாமாகவே கண்டு வைத்திருந்தார். டீ குடிக்க அரை மணி நேரம் நிறுத்தினால் தொந்தரவு இல்லை. கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரம் நிறுத்தினால் தொந்தரவு உண்டு. டாங்க் நிறைய டீசல் இருக்கும் நாட்களில் தொந்தரவு குறைவு. மூன்றாவதுதான் விசித்திரமானது: தெருச் சரிவில் காரின் முகம் கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்தினால் காலையில் முதல் சுற்றிலேயே கிளம்பிவிடும், முகம் மேல்நோக்கி இருந்தால் அன்று பாடுதான்!

இதைக் கேட்ட மெக்கானிக் பெரியவர், கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இது பாட்டரி வியாதி இல்ல. வண்டி ஏர் எடுக்குது" என்றார். காரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் எப்படிச் சொன்னார் என்பதை நாம் படிப்படியாகப் பார்ப்போம்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்டுவது மின்பொறி. டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1892-ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் சூட்சுமம், காற்றை இறுக்கி அமுக்குவதில் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அதே செயல்தான். பழைய டீசல் கார்களில் உருளைக்குள் வந்த காற்றை உந்துதண்டு இருபதில் ஒரு பங்கு கனஅளவுக்குச் சுருக்கிவிடும். காற்றின் வெப்பநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போய்விடும். அந்தக் கொதிக்கும் காற்றுக்குள் டீசலைப் புகைபோல நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சினால், தானே தீப்பற்றிக்கொள்ளும்.

பீய்ச்சுவது எளிய காரியமா? இல்லை. அமுக்கப்பட்ட காற்றை எதிர்த்து, ஊசித் துளை போன்ற வாய் வழியாகத் தள்ள வேண்டும். பழைய வகை எஞ்சின்களிலேயே இதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் தேவை. இதைத் தரும் நுட்பமான பம்பை, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் தொழிற்சாலை அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகே, டீசல் எஞ்சின் கப்பலிலிருந்தும் ஆலையிலிருந்தும் இறங்கிப் பெருமளவில் சாலைக்கு வர முடிந்தது. நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட 'மைகோ' நிறுவனம் இத்தகைய பம்புகளைச் செய்தது. வயலோரம் ஓடிய எஞ்சின்களிலும் லாரிகளிலும் அந்தப் பெயரைப் பார்க்காத மெக்கானிக் இருக்க முடியாது.

இந்தப் பம்பு ஒரு தடவைக்குத் தள்ளும் டீசல் எவ்வளவு தெரியுமா? சிறிய காரில் சில கன மில்லிமீட்டரிலிருந்து சில பத்து கன மில்லிமீட்டர் வரைதான். ஒரு பாசிப்பயறின் கனஅளவு ஏறக்குறைய 30 கன மில்லிமீட்டர். அவ்வளவே!

இப்போது அந்த இடத்தில் ஒரு காற்றுக்குமிழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். டீசல் ஒரு திரவம். 100 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் அதன் கனஅளவு 100-இல் ஒரு பங்குகூடக் குறையாது. எனவே தள்ளிய உடனே நாசில் வழியே பீறிட்டுப் போகும். காற்று அப்படியல்ல. பாயில் விதிப்படி, 100 மடங்கு அழுத்தம் கொடுத்தால் அது 100-இல் ஒரு பங்காகச் சுருங்கிப் பதுங்கிக்கொள்ளும். பயறளவு குமிழி ஒன்று பம்பின் ஒரு வீச்சு முழுவதையும் தானே விழுங்கிவிடும். நாசிலுக்கு ஒன்றும் போய்ச் சேராது. பம்பு பின்வாங்கும்போது குமிழி பழையபடி விரிந்துகொள்ளும். மறுபடி தள்ளு, மறுபடி சுருங்கு. இதைத்தான் பட்டறைகளில் 'ஏர் லாக்' என்கிறார்கள். பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல் மாவட்டத்தில், காற்றே போட்ட பூட்டு இது!

ஆக, எஞ்சின் கிளம்பாததற்குக் காரணம் காற்று. அது எங்கிருந்து வந்தது?

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ஒரு உறிஞ்சுகுழலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தண்ணீருக்குள் முழுதும் அமிழ்த்தி, மேல்வாயை விரலால் மூடி வெளியே தூக்குங்கள். கீழ்வாய் திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் விழாது. விரலை இலேசாக எடுங்கள், பொத்தென்று விழுந்துவிடும். விரலை எடுக்காமல், குழலின் நடுவில் ஓர் ஊசியால் குத்திப் பாருங்கள். அந்த ஊசித் துளை வழியே தண்ணீர் வெளியே வருகிறதா? வராது. காற்று உள்ளே போகும். துளைக்குக் கீழே இருந்த தண்ணீர் இறங்கிவிடும்.

ஏன் இப்படி? குழலுக்குள் மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது. கீழ்வாயில் வளிமண்டல அழுத்தம். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் அதைவிடக் குறைவு. வெளியே அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. பாதை கிடைத்தால் எது எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காரிலும் இதே கதைதான். டாங்க் பின்னால், தாழ்வாக இருக்கிறது. எஞ்சினும் அதன் ஃபில்டரும் முன்னால், உயரமாக இருக்கின்றன. டாங்கிலுள்ள டீசல் மட்டத்துக்கும் ஃபில்டருக்கும் அரை மீட்டர் உயர வித்தியாசம் என்று கொள்வோம். டீசலின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோகிராம். உயரம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 4,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல். அதாவது எஞ்சின் நின்ற பிறகு, ஃபில்டர் பக்கத்துக் குழாயில் வெளிக்காற்றைவிட நூற்றுக்கு நான்கு பங்கு அழுத்தம் குறைவு. நான்கு பங்குதானே என்று நினைக்கக் கூடாது. முதிர்ந்து விறைத்துப்போன ஒரு ரப்பர் குழாயின் ஓரத்தில், கிளிப் சரியாக இறுகாத இடத்தில், காற்று நுழைய அதுவே தாராளம். ஒரு சொட்டு டீசலும் வெளியே வராது. தரையில் கறை இருக்காது. காற்று சத்தமில்லாமல் நுழையும். அது நுழைந்த அளவுக்கு டீசல் டாங்கை நோக்கி இறங்கும்.

இனி அந்த மூன்று அடையாளங்களையும் நினைத்துப் பாருங்கள். டாங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டம் உயர்ந்து, உயர வித்தியாசம் குறைகிறது. காரின் முகம் சரிவில் கீழ்நோக்கியிருந்தால், எட்டு அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில்கூட, மூன்று மீட்டர் பின்னாலுள்ள டாங்க் எஞ்சினைவிட ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. அரை மீட்டர் வித்தியாசத்தில் முக்கால் பங்கு காணாமற்போகிறது! முகம் மேல்நோக்கியிருந்தால் அதே அளவு கூடிவிடுகிறது. பெரியவர் காரைத் தொடாமலே நோயைச் சொன்னது இப்படித்தான். ஈர்ப்பு விசையின் திசையை மாற்றினால் கூடவே மாறும் நோய் மின்சார நோயாக இருக்க முடியுமா? பாட்டரிக்குச் சரிவு தெரியாது.

காவலாளி தூங்கினால்

இந்த இறக்கத்தைத் தடுப்பதற்காகவே குழாயில் ஒரு வால்வு வைத்திருந்தார்கள். ஒருவழி வால்வு. குழாய் வேலை செய்பவர்கள் இதை என்.ஆர்.வி. என்பார்கள். அந்தக் காரில் அது ஃபில்டருக்குச் சற்றுக் கீழே இருந்தது. கட்டைவிரல் அளவு உலோகக் கூடு. உள்ளே ஒரு சிறிய குண்டு. அதை அதன் இருக்கையில் அழுத்திப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங். டாங்கிலிருந்து எஞ்சினை நோக்கி டீசல் போகும்போது குண்டு விலகி வழிவிடும். எஞ்சின் நின்றதும் ஸ்பிரிங்கும் டீசலின் எடையும் சேர்ந்து குண்டை இருக்கையில் உட்கார வைத்துவிடும்.

வால்வு மூடியிருந்தால், மேலேயுள்ள டீசல் ஒரு தம்ளரில் இருப்பதைப்போல அதன்மேல் உட்கார்ந்திருக்கும். தம்ளரில் இருக்கும் தண்ணீர் காற்றை உறிஞ்சுமா? உறிஞ்சாது. தளர்ந்த கிளிப் அங்கேயே இருந்தாலும், காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கக் காரணம் இல்லை. வால்வு கெட்டுவிட்டால் தம்ளரின் அடி கழன்றதற்குச் சமம். ஆகையால் இங்கே இரண்டு குற்றவாளிகள். காற்றை உள்ளே விட்டது கிளிப். டீசலைக் கீழே விட்டது வால்வு. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் பல மாதங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது.

பெரியவர் ஊகத்தோடு நிற்கவில்லை. மாலையில் ஃபில்டருக்குப் போகும் கறுப்புக் குழாயைக் கழற்றிவிட்டு, டீசலைத் தாங்கக்கூடிய கண்ணாடி போன்ற தெளிவான குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினார். எஞ்சின் ஓடும்போது தேன் நிற டீசலில் கடுகு போன்ற குமிழிகள் ஒன்றிரண்டு மிதந்து போவது தெரிந்தது. ஓடும்போது அவை உபரி டீசலோடு சேர்ந்து டாங்குக்கே திரும்பிவிடுவதால் தொந்தரவு இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் தெளிவான குழாய் ஒரு சாண் நீளம் வெறுமையாக இருந்தது. குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான். ஐயப்பட்டதை எல்லாம் மாற்றிப் பணத்தை இறைக்காமல், கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது எப்படி என்று யோசித்தாரே, அதைத்தான் நான் பரிசோதனை என்பேன். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கச் சில சமயம் ஓர் ஆண்டு ஆகிறது.

வால்வைக் கழற்றி, அம்புக்குறிக்கு எதிர்ப்புறமாகக் கொஞ்சம் டீசல் ஊற்றிப் பிடித்தார். ஐந்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. இது போதுமா ஒரு காரை முடக்க? கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 12 சொட்டு. 30 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நிமிடத்துக்கு 0.4 மில்லிலிட்டர். குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு மீட்டர் நீளக் குழாயில் 50 மில்லிலிட்டர் டீசல் பிடிக்கும். எஞ்சினை நோக்கி மேலேறும் பகுதி அவ்வளவு நீளம்கூட இராது. ஒரு மீட்டர் என்றே வைத்தாலும், காலியாக 125 நிமிடம் போதும். அரை மணி டீ நேரத்தில் தொந்தரவு இல்லை, மூன்று மணி கல்யாணத்தில் தொந்தரவு என்று உரிமையாளர் சொன்னாரே, கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

கூட்டைப் பிரித்தபோது குண்டுக்கும் இருக்கைக்கும் இடையே துருத்தூள் ஒன்று சிக்கியிருந்தது. தலைமயிர்க் கனம்தான் இருக்கும். இருக்கையின் ரப்பர் வளையமும் கடினமாகிப் போயிருந்தது. சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். அதனால் இத்தகைய இடங்களில் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் ஆயுள் உண்டு.

மாற்றும் வேலை அரை மணி நேரம். பாட்டரி இணைப்பைக் கழற்றினார். சிந்தும் டீசலைப் பிடிக்க ஒரு தட்டு வைத்தார். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது என்று ஒரு அதட்டல் போட்டார். புதிய வால்வின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கிறதா என்று இருமுறை பார்த்தார். இது திரும்பிவிட்டால் வேலை முழுவதும் வீண். டீசல் எஞ்சினுக்கே போகாது. ரப்பர்க் குழாயையும் கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றினார். வால்வை மட்டும் மாற்றினாலே கார் மறுநாள் கிளம்பியிருக்கும். ஆனால் காவலாளியை மாற்றிவிட்டுத் திருடனை வீட்டிலேயே விடுவது என்ன நியாயம்?

பிறகு ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கினார். முதலில் நுரை, அப்புறம் பொறுபொறுவென்று குமிழி, கடைசியில் குமிழியில்லாத சுத்தமான டீசல். திருகை இறுக்கினார். இரவு முழுவதும் காரை முகம் மேல்நோக்கிச் சரிவில் நிறுத்தச் சொன்னார். விடிந்ததும் உரிமையாளர் சாவியைத் திருப்பினார்; எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. "இனிமே ராத்திரி யாரு கதவைத் தட்டினாலும் பயமில்லண்ணே" என்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். டீசல் குழாயில் வாயை வைத்து உறிஞ்சி இழுப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். செய்யவே கூடாது. வயிற்றுக்குப் போவதைவிட, ஒரு மடக்கு மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் பேராபத்து. நுரையீரல் புண்ணாகி உயிருக்கே உலை வைக்கும். இன்னொன்று: இன்றைய புதிய டீசல் கார்களில் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தம் இருக்கும். அங்கே கசியும் கீற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நான் இதுவரை சொன்னது டாங்குக்கும் ஃபில்டருக்கும் இடைப்பட்ட குறைந்த அழுத்தப் பகுதியைப் பற்றி மட்டுமே. அதையும் பழகிய கைகள்தான் தொட வேண்டும்.

கிணற்றடியில் இதன் அண்ணன்

கன்னிவாடி விவசாயிகளுக்கு இந்த வால்வு புதிதல்ல. கிணற்றில் இறங்கும் உறிஞ்சுகுழாயின் அடிநுனியில் 'புட் வால்வு' என்று ஒன்று இருக்கும். மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் தண்ணீர் நிற்கச் செய்வது அதுதான். அதில் ஒரு சுள்ளியோ கூழாங்கல்லோ சிக்கினால் குழாய் காலியாகிவிடும்; காலையில் மோட்டார் வெறுமனே சுற்றும். அப்போது மேலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்புவார்கள். கசிவு சிறியதாக இருந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சாணியின் நார் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். படிக்காத மேதைகள் செய்த பழுதுபார்ப்பு!

பெரிய கிணறுகளில் மோட்டாரைக் கரையில் வைக்காமல், உள்ளே பாதி ஆழத்தில் திட்டு கட்டி ஏன் வைத்தார்கள்? வளிமண்டலம் தாங்கக்கூடிய தண்ணீர்த் தூண் 10.3 மீட்டர்தான். எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் அதற்குமேல் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழு மீட்டரே அதிகம். டீசல் தண்ணீரைவிட இலேசானது. அப்படியானால் வளிமண்டலம் எத்தனை மீட்டர் டீசல் தூணைத் தாங்கும்? நீங்களே கணக்கிடுங்கள். விடை 12-க்கும் 13-க்கும் இடையே வர வேண்டும்.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் என்பவர் செய்த நீர்ப்பம்பிலேயே ஒருவழி வால்வுகள் இருந்தன. சைக்கிள் டியூபின் பழைய வால்வில் ஒரு சிறிய ரப்பர்ச் சுருள் உண்டல்லவா? அதுவும் இதே இனம். குண்டு, ஸ்பிரிங், ரப்பர் என்று அசையும் உறுப்பு எதுவுமே இல்லாத ஒருவழி வால்வு ஒன்றுக்கு நிக்கோலா டெஸ்லா 1920-இல் காப்புரிமை பெற்றார். வளைந்து வளைந்து செல்லும் வாய்க்கால்கள் மட்டுமே அதில் உண்டு. ஆனால் அது எதிரோட்டத்தைக் குறைக்குமே தவிர முற்றிலும் நிறுத்தாது. எனவே நம் காருக்கு உதவாது.

எல்லாவற்றையும்விட அருகில் இருக்கும் ஒருவழி வால்வைப் பார்க்கக் காரையும் கிணற்றையும் தேட வேண்டியதில்லை. இத்தாலியின் பாதுவா நகரில் ஃபாப்ரீசியஸ் என்ற உடற்கூற்றுப் பேராசிரியர், சிரைகளுக்குள் சிறு கதவுகள் இருப்பதை 1603-இல் விவரித்து எழுதினார். அவை எதற்காக என்பது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, 1628-இல் வெளியிட்ட தம் நூலில் அதை விளக்கினார்: இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகலாம், திரும்பக் கூடாது. அதற்கு அவர் காட்டிய பரிசோதனையை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். கையை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். முன்கையில் புடைத்துத் தெரியும் நீளமான சிரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் அதன்மேல் ஒரு விரலை அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் முழங்கையை நோக்கி அதை நீவிவிடுங்கள். நீவிய விரலை எடுத்துவிடுங்கள். மேலே இரத்தம் இருந்தும் அது திரும்பி இறங்காது. ஒரு சிறு முடிச்சுப் போன்ற இடம் வரை சிரை தட்டையாகவே இருக்கும். அந்த முடிச்சுதான் வால்வு. இப்போது மணிக்கட்டு விரலையும் எடுங்கள். கீழிருந்து சிரை ஒரே நொடியில் நிரம்பிவிடும்.